சின்னச் செய்மதிகளும் மலையகத்து மழையும்: ஓர் எளிய விளக்கம்

“சேட்டிலைட்டில் மழை காட்டுதாம்.” மே மாதம் பிறந்துவிட்டால் அட்டன் பஸ் தரிப்பிடத்தில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். காட்டியபடி மழை வந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. வராவிட்டால் “சேட்டிலைட் பொய் சொல்லிட்டு” என்று ஒரு பழி விழும். இப்போது இதோடு இன்னொரு கதையும் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது: வெளிநாட்டுக் கம்பனிகள் சப்பாத்துப் பெட்டி அளவில் செய்மதிகளை வானத்தில் நிறைத்துவிட்டார்களாம், இனி ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனியாக, மணி சொல்லி மழை சொல்வார்களாம்.

இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கலந்திருக்கும் மிச்சத்தைப் பிரித்தெடுக்கத்தான் இந்தக் கட்டுரை. பௌதிகவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

செய்மதிக்கு நாளை என்பது தெரியாது

முதலில் பெரிய குழப்பத்தை அவிழ்ப்போம். எந்தச் செய்மதியாலும் நாளைய மழையைப் பார்க்க முடியாது. அது இந்த நிமிடத்தில் காற்று எப்படி இருக்கிறது என்பதை அளக்கிறது. எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரப்பதன், மேகம் எங்கே, கடல்மேல் காற்று எவ்வளவு வேகம், இவ்வளவுதான். நாளையைச் சொல்வது தரையில் இருக்கும் கணினி.

அந்தக் கணினி செய்யும் வேலை இது. பூமியைச் சுற்றியுள்ள காற்று முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது உள்ள வெப்பநிலை, அமுக்கம், ஈரப்பதன், காற்றின் வேகம் ஆகியவற்றை எழுதிக்கொள்கிறது. பிறகு காற்றும் நீராவியும் எப்படி நகரும் என்று சொல்லும் சமன்பாடுகளைப் போட்டு, சில நிமிடங்களுக்குப் பிறகு ஒவ்வொரு கட்டமும் எப்படி இருக்கும் என்று கணிக்கிறது. வந்த விடையை வைத்து அடுத்த சில நிமிடம், அதை வைத்து அதற்கடுத்தது. இப்படியே பத்து நாள் வரைக்கும் போகலாம். இந்தக் கணிப்பு இயந்திரத்துக்கு ‘மாதிரி’ என்று பெயர். ஐரோப்பிய மத்திய கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி உலகப் புகழ் பெற்றது. அதன் கட்டம் ஒன்று ஏறக்குறைய 9 கிலோமீற்றர் அகலம். இந்த 9 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கள், மலைக்கு வரும்போது தேவைப்படும்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தொடக்கத்தில் எழுதிய எண்கள் கொஞ்சம் பிசகினால், அந்தப் பிசகு நாளுக்கு நாள் வளரும். இன்றைய கணக்கில் ஒரு பாகை வெப்பநிலை தவறினால், ஐந்தாம் நாள் மழை பக்கத்து மாகாணத்துக்கே போய்விடலாம். ஆகவே முன்னறிவிப்பைத் திருத்த வேண்டுமானால், சமன்பாட்டைத் திருத்துவதோடு ‘இப்போது’ என்பதையும் இன்னும் சரியாக அளக்க வேண்டும்.

சரி, இப்போது என்பதை யார் அளக்கிறார்கள்? தரையில் நிலையங்கள் இருக்கின்றன. நுவரெலியாவில் ஒன்று, பண்டாரவளையில் ஒன்று, பதுளையில் ஒன்று. மேலே உள்ள காற்றை அளக்க உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் பலூன் விடுகிறார்கள். எங்கள் நேரப்படி காலை 5.30க்கும் மாலை 5.30க்கும். விமானங்கள் ஏறி இறங்கும்போது அளந்து அனுப்புகின்றன. கப்பல்களும் மிதவைகளும் உண்டு. ஆனால் எங்களுக்கு மழை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தைக் கடந்து வருகிறது. தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே நேராகப் போனால் அந்தாட்டிக்கா வரைக்கும் நிலமே இல்லை. அங்கே பலூன் விட ஆள் ஏது? அந்த வெறுமையை நிரப்புவதுதான் செய்மதியின் முதல் வேலை.

தோட்டத்துக் கணக்கை வைத்துப் பார்ப்போம்

ஒரு பெரிய தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல மலைகள், பல கொழுந்துக் கூட்டங்கள். பெரிய துரை ஜீப்பில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சுற்றி வருகிறார். அனுபவசாலி. ஒரு பார்வையிலேயே எந்த மலையில் கொழுந்து முற்றியிருக்கிறது, எங்கே களை மண்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் காலை ஏழு மணிக்கு வந்து போனவர் மறுபடி வரும்வரை அந்த மலையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. இடையில் மழை பெய்து ஆட்கள் லயத்துக்கு ஓடியிருக்கலாம், வெயில் வந்து திரும்பியிருக்கலாம்.

இப்போது ஒவ்வொரு மலைக்கும் ஒரு கங்காணியை விட்டால்? அவருக்குத் துரையின் கண் இல்லை. ஆனால் மணிக்கொருமுறை தகவல் வந்துகொண்டே இருக்கும். ஒரு கங்காணி சுகமில்லாமல் வராவிட்டாலும் மற்றவர்கள் இருக்கிறார்கள். பின்னேரம் எத்தனை கிலோ கொழுந்து தொழிற்சாலைக்கு வரும் என்று கணிக்க வேண்டிய கணக்கப்பிள்ளைக்குத் துரையின் அறிக்கையும் வேண்டும், கங்காணிகளின் செய்தியும் வேண்டும். இரண்டும் முரண்பட்டால் யாருடைய சொல்லை எவ்வளவு நம்புவது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய வானிலைச் செய்மதிதான் துரை. சின்னச் செய்மதிகள் கங்காணிகள். கணக்கப்பிள்ளை, மாதிரியை ஓட்டும் கணினி.

கணக்கப்பிள்ளையின் அந்தக் கடைசி வேலைக்கு ‘தரவு உள்வாங்கல்’ என்று பெயர். கணினி சில மணித்தியாலங்களுக்கு முன் தானே கணித்து வைத்திருந்த ‘இப்போது’ ஒன்று அதனிடம் இருக்கும். புதிதாக வந்த அளவீடுகள் இன்னொரு பக்கம். இரண்டிலும் எவ்வளவு தவறு இருக்கக்கூடும் என்று எடைபோட்டு, நடுவில் ஒரு நியாயமான ‘இப்போது’வைச் செய்துகொள்கிறது. வானிலைத் துறையில் வெளியே தெரியாமல் நடக்கும் மிகப் பெரிய உழைப்பு இதுதான் என்பது என் எண்ணம். செய்மதிப் படம் தொலைக்காட்சியில் வரும், இது வராது.

இதுவரை வந்தது: செய்மதி அளக்கிறது, கணினி கணிக்கிறது. கணிப்பின் தரம் தொடக்க அளவீட்டில் தங்கியிருக்கிறது. அளவீடு நல்லதாக இருப்பதோடு அடிக்கடியும் வர வேண்டும்.

பெரியவர்கள் இரண்டு வகை

தொலைக்காட்சியில் நாங்கள் பார்க்கும் மேகப் படம் ‘புவிநிலைச் செய்மதி’யிலிருந்து வருகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், எங்கள் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்கும். இந்தியாவின் இன்சாட் வரிசை, ஜப்பானின் ஹிமாவாரி ஆகியவை இந்த வகை. ஹிமாவாரி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பூமியின் ஒரு முழுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புகிறது.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கிடைக்குமானால் சின்னவை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால், 36,000 கிலோமீற்றர் தொலைவிலிருந்து அது பெரும்பாலும் மேகத்தின் கூரையைத்தான் பார்க்கிறது. மேகத்துக்குள்ளே என்ன சூடு, எவ்வளவு நீர் என்று பார்க்க வேறு கருவி வேண்டும். அந்தக் கருவி பூமிக்குக் கிட்ட இருக்க வேண்டும்.

அப்படிக் கிட்ட இருப்பவைதான் இரண்டாம் வகை, ‘துருவச் சுற்றுச் செய்மதிகள்’. சுமார் 800 கிலோமீற்றர் உயரத்தில், வட துருவம் தென் துருவம் என்று நெடுக்காகச் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு நூறு நிமிடம் அளவு. கீழே பூமி சுழன்றுகொண்டிருப்பதால், ஒரு செய்மதி எங்கள் தலைக்கு மேலே நாளைக்கு இரண்டு தடவைதான் வரும். ஐரோப்பாவின் மெட்டொப் செய்மதி ஒன்று 4,000 கிலோவுக்கு மேல் எடை. அதை உருவாக்கி அனுப்பப் பல வருடங்கள் பிடிக்கும். அதே மாதிரி இருபதை அனுப்பலாமே என்றால் எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகாது.

பத்துச் சென்டிமீற்றர் பெட்டி

1999இல் அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பொப் ட்விக்ஸும் கலிஃபோர்னியா பொலிடெக்னிக்கின் ஜோர்டி புய்க்-சுவாரியும், மாணவர்கள் செய்து பழகுவதற்காக ஓர் அளவை நிர்ணயித்தார்கள். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10 சென்டிமீற்றர். இதற்கு ‘கியூப்சட்’ என்று பெயர். பெரிதாக வேண்டுமானால் மூன்று பெட்டியை, ஆறு பெட்டியை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அளவு ஒன்றாகிவிட்டதால் ரொக்கெட்காரர்களுக்கு வசதி. பெரிய செய்மதி ஒன்றை ஏற்றும்போது மிச்ச இடத்தில் இவற்றையும் ஏற்றிவிடலாம். உள்ளே இருக்கும் பாகங்கள் பலவும் கைத்தொலைபேசித் தொழில்நுட்பத்தின் புண்ணியத்தில் சிறுத்து, மலிந்துவிட்டன. இலங்கையின் முதல் செய்மதியான ராவணா-1 கூட ஒற்றைப் பெட்டி கியூப்சட்தான். 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அது வானிலைக்காக அனுப்பப்பட்டதல்ல.

மாணவர் பயிற்சிக்காகத் தொடங்கிய இந்தப் பெட்டி வானிலை வேலைக்கு வந்தது எப்படி? சின்னப் பெட்டியில் பெரிய கமராவை வைக்க முடியாது. ஆனால் வானிலைக்கு வேண்டிய எல்லா அளவீட்டுக்கும் பெரிய கமரா தேவையில்லை. இரண்டு வழிகள் சின்னப் பெட்டிக்கென்றே அமைந்ததுபோல் இருக்கின்றன. முதல் வழி கொஞ்சம் விசித்திரமானது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

வளைந்து வரும் சமிக்ஞை

மாலையில் சூரியன் அடிவானத்தைத் தொடும் தருணத்தில், உண்மையில் அது ஏற்கெனவே அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. ஒளி காற்றினூடாகச் சாய்வாக வரும்போது கொஞ்சம் வளைகிறது. அதனால் மறைந்த சூரியன் இன்னும் சில நிமிடம் எங்களுக்குத் தெரிகிறது. காற்று அடர்த்தியாக இருந்தால் வளைவு அதிகம், ஐதாக இருந்தால் குறைவு. அப்படியானால் வளைவை அளந்தால் காற்றைப் பற்றிச் சொல்லிவிடலாம் அல்லவா? முழு யோசனையும் இவ்வளவுதான்.

சூரிய ஒளிக்குப் பதில் இங்கே பயன்படுவது ஜிபிஎஸ் சமிக்ஞை. போனில் வழி பார்க்க உதவும் அதே ஜிபிஎஸ்தான். அந்தச் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றியபடி ஓயாமல் ரேடியோ அலைகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. எங்கள் சின்னச் செய்மதி 500, 550 கிலோமீற்றர் உயரத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பார்வையில் ஜிபிஎஸ் செய்மதி ஒன்று பூமிக்குப் பின்னால் மறையப்போகும் நேரம் வரும். மறைவதற்கு முன் ஓரிரு நிமிடங்கள், அந்த ரேடியோ அலை பூமியின் காற்றுப் படலத்தை உரசிக்கொண்டு வந்து சேரும். முதலில் மேல் காற்றை, பிறகு கீழே கீழே என்று, கடைசியில் தரைக்குக் கிட்ட உள்ள காற்றையும் ஊடுருவி வரும். ஒவ்வொரு மட்டத்திலும் கொஞ்சம் வளையும், கொஞ்சம் தாமதமாகும்.

அந்தத் தாமதம் மிக மிகச் சிறியது. ஆனால் ஜிபிஎஸ் என்பதே அணுக் கடிகாரத்தை நம்பி நடக்கும் ஏற்பாடு. ஒளி 30 சென்டிமீற்றர் போக எடுக்கும் நேரம், அதாவது ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு, அதற்கும் குறைவான வித்தியாசம்கூட இதில் பிடிபடும். ஆகவே தாமதம் மாறிக்கொண்டு போவதைப் பார்த்து வளைவைக் கணக்கிடுகிறார்கள். வளைவிலிருந்து காற்றின் அடர்த்தி, அதிலிருந்து மேல் மட்டங்களின் வெப்பநிலை, கீழ் மட்டங்களின் ஈரப்பதன். இந்த முறைக்கு ‘ரேடியோ மறைப்பு முறை’ என்று பெயர்.

இந்த யோசனை பூமிக்காகப் பிறந்ததல்ல. 1965இல் மரினர்-4 விண்கலம் செவ்வாய்க்குப் பின்னால் போனபோது அதன் ரேடியோ சமிக்ஞை எப்படி மங்கி மறைந்தது என்று பார்த்துத்தான் செவ்வாயின் காற்று எவ்வளவு ஐதானது என்று கண்டுபிடித்தார்கள். முப்பது வருடம் கழித்து, 1995இல், அதே வித்தையை ஜிபிஎஸ் வைத்து எங்கள் பூமியிலேயே செய்துபார்த்தார்கள். வேலை செய்தது.

சின்னப் பெட்டிக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது? இங்கே பெட்டிக்குள் வேண்டியது நல்லதொரு ஜிபிஎஸ் வாங்கியும் அன்டெனாவும்தான். பெரிய வில்லை இல்லை, குளிரூட்டி இல்லை. இன்னொரு பெரிய நன்மை, அளக்கப்படுவது நேரம் என்பது. வெப்பத்தை உணரும் கருவிகள் நாள் போகப் போகச் சற்றுப் பிசகும், அவற்றை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். நேரத்தை அளக்கும் கருவிக்கு அந்தத் தலையிடி மிகக் குறைவு. மற்றச் செய்மதிகளின் பிசகைத் திருத்தவே முன்னறிவிப்பு மையங்கள் இந்த அளவீடுகளை ஓர் ஊன்றுகோலாக வைத்துக்கொள்கின்றன. இந்த ஒரு வேலையில் கங்காணியின் அளவுகோல் துரையின் அளவுகோலையே திருத்துகிறது.

2006இல் தாய்வானும் அமெரிக்காவும் சேர்ந்து கொஸ்மிக் என்ற பெயரில் ஆறு சிறிய செய்மதிகளை இதற்காக அனுப்பின. 2019 ஜூனில் கொஸ்மிக்-2 போனது, அதிலும் ஆறு. எங்களுக்கு இந்த இரண்டாவது கூட்டம் முக்கியம். ஏனென்றால் அவை துருவத்துக்குப் போகாமல் பூமத்திய ரேகையின் இரு பக்கமும் 24 பாகைக்குள்ளேயே ஓடுகின்றன. இலங்கை இருப்பது 6 முதல் 10 பாகைக்குள். வெப்பமண்டலத்துக்கென்றே விடப்பட்ட கூட்டம் அது. கியூப்சட் என்று சொல்லுமளவுக்கு அவை சின்னவை அல்ல, ஒவ்வொன்றும் முந்நூறு கிலோவுக்குக் கிட்ட. ஆனால் ஸ்பயர் என்ற தனியார் நிறுவனம் மூன்று பெட்டி அளவுக் கியூப்சட்களையே பெருவாரியாக விட்டு, அதே அளவீட்டை எடுத்து விற்கிறது.

அதன் பயன் வெளிப்பட்ட காலம் 2020. கொரோனாவால் விமானங்கள் தரித்து நின்றபோது, அவை அனுப்பும் அளவீடுகள் சடுதியாகக் குறைந்தன. முன்னறிவிப்பு மையங்களுக்கு ஒரு கண் போனமாதிரி. அந்த வருடம் மே மாதத்தில் ஐரோப்பிய மையம் ஸ்பயரின் கியூப்சட் அளவீடுகளைத் தன் அன்றாடக் கணிப்பில் சேர்த்துக்கொண்டது. மாணவர்களுக்காக நிர்ணயித்த பெட்டி, இருபது வருடத்தில், உலகின் முன்னணி மாதிரி ஒன்றுக்குள் நுழைந்துவிட்டது.

மேகத்துக்குள் பார்ப்பது

இரண்டாவது வழி நுண்ணலை. மைக்ரோவேவ் என்றால் எல்லோருக்கும் அடுப்பு ஞாபகம் வரும். இங்கே செய்மதி எதையும் சூடாக்குவதில்லை, எந்த அலையையும் அனுப்புவதுமில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனும் நீராவியும் தாமாகவே மிக மெல்லிய நுண்ணலையை வெளிவிட்டுக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று சில அதிர்வெண்கள் உண்டு. ஒட்சிசனின் அதிர்வெண்ணில் எவ்வளவு பலமாக வருகிறது என்று கேட்டால் காற்றின் வெப்பநிலை தெரியும். நீராவியின் அதிர்வெண்ணில் கேட்டால் ஈரம் தெரியும். சற்றே வேறு வேறு அதிர்வெண்களில் கேட்டால் வேறு வேறு உயரங்களின் விபரம் வரும். மேகம் இதைப் பெரிதாகத் தடுப்பதில்லை என்பதுதான் இதன் சிறப்பு.

பெரிய செய்மதிகளில் இந்தக் கருவி பல பத்துக் கிலோ எடை. நாசாவின் ட்ரொபிக்ஸ் திட்டத்தில் அதைச் சுருக்கி, சுமார் 5 கிலோ எடையுள்ள மூன்று பெட்டிக் கியூப்சட் ஒன்றுக்குள் அடக்கினார்கள். புயல்களைத் தொடர்வதுதான் நோக்கம். வெப்பமண்டலத்துக்கு மேலேயே சுற்றும்படி சாய்வான பாதையில் விட்டு, ஒரே புயலை ஏறக்குறைய மணிக்கொருமுறை பார்ப்பதே குறிக்கோள். நாளைக்கு இரண்டு தடவை எங்கே, மணிக்கொருமுறை எங்கே!

இந்தத் திட்டத்துக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2022 ஜூனில் முதல் இரண்டும் ரொக்கெட் பழுதாகி அழிந்தன. பெரிய செய்மதியாக இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். இங்கே மிச்சமிருந்த நான்கையும் 2023 மேயில் நியூசிலாந்திலிருந்து இரண்டு தடவையாக அனுப்பி வேலையைத் தொடர்ந்தார்கள்.

கடல்மேல் காற்றின் வேகத்தை அளக்க 2016 டிசம்பரில் நாசா அனுப்பிய சிக்னஸ் என்ற எட்டுச் சிறு செய்மதிகளும் உண்டு. கடலில் பட்டுத் தெறிக்கும் ஜிபிஎஸ் சமிக்ஞையை அவை கேட்கின்றன. அலை கொந்தளித்தால் தெறிப்பு சிதறும், அதிலிருந்து காற்றின் வேகம் தெரியும்.

சுருக்கினால், சின்னச் செய்மதி மூன்று காரியம் செய்கிறது: ஜிபிஎஸ் வளைவிலிருந்து காற்றின் அடுக்குகளை அளக்கிறது, நுண்ணலையால் மேகத்துக்குள் பார்க்கிறது, கடல்மேல் காற்றை அளக்கிறது. தனித்தனியே எதுவும் பெரியவற்றை மிஞ்சிவிடாது. கூட்டமாக, அடிக்கடி வருவதில்தான் பலம்.

மலையில் வந்து முட்டும் இடம்

இனி எங்கள் ஊர்.

அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பறவை பறக்கும் தூரம் 20 கிலோமீற்றர் அளவு. அந்த 9 கிலோமீற்றர் கட்டத்தை இங்கே வைத்துப் பாருங்கள். இரண்டு கட்டம், கூடினால் மூன்று. அந்த இடைவெளிக்குள் எத்தனை மலை, எத்தனை பள்ளத்தாக்கு! கணினிக்கு ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம்தான், சராசரி. பிதுருதலாகலையின் 2,524 மீற்றர் உச்சி அந்தச் சராசரியில் மழுங்கிப்போகும். போனில் அட்டனுக்கும் கொட்டகலைக்கும் ஒரே மழைப் படம் வருவது இதனால்தான். செய்மதி எத்தனை விட்டாலும் இந்தக் கட்டம் அதனால் சிறுக்காது. அதற்கு வேறு மாதிரி, இன்னும் பெரிய கணினி வேண்டும்.

ரேடியோ மறைப்பு முறையும் அப்படியே. உயரவாக்கில் அது மிக நுணுக்கமானது, சில நூறு மீற்றர் வித்தியாசத்தையும் பிரித்துச் சொல்லும். ஆனால் பக்கவாட்டில் இருநூறு, முந்நூறு கிலோமீற்றர் காற்றின் கூட்டுச் சராசரியைத்தான் தரும். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் அதற்கு ஒரே விடை. வட்டவளையில் மழையா என்று அதனிடம் கேட்கக்கூடாது.

மூன்றாவது சிக்கல் எங்கள் மழைக்கே உரியது. தென்மேற்குப் பருவத்தில் கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட் பக்கம் பெய்யும் மழையை நினைத்துப் பாருங்கள். இடி மின்னல் இல்லாமல் நாள் முழுக்க விடாமல் ஊற்றும். கடலிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் மோதி மேலே ஏறி, குளிர்ந்து, அங்கேயே பொழிந்துவிடுகிறது. அந்த மேகம் அவ்வளவு உயரமானதல்ல. செய்மதி மேகக் கூரையின் குளிரைப் பார்த்து மழையை ஊகிக்கும்போது, உயர்ந்து குளிர்ந்த இடிமேகத்தைத்தான் பெரிய மழை என்று எடுத்துக்கொள்ளும். கூரை தாழ்ந்த, சூடான மேகத்தைப் பார்த்து “லேசான மழை” என்று சொல்லிவிடும். நிலத்தின்மேல் நுண்ணலைக் கருவியும் பெரும்பாலும் மேகத்திலுள்ள பனித்துகளை நம்பித்தான் மழையை மதிப்பிடுகிறது. எங்கள் தாழ்ந்த மேகத்தில் அந்தத் துகள் குறைவு. ஆகவே வருடத்தில் மிக அதிகமாக நனையும் மேற்குச் சரிவுகளில்தான் செய்மதியின் மழைக்கணக்கு குறைவாக வர வாய்ப்பு அதிகம்.

அதே நாளில் மலைமுகட்டைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் போனால் வறண்ட காற்று வீசிக்கொண்டிருக்கும். ஈரம் முழுவதையும் மேற்கிலேயே உதறிவிட்டு வந்த காற்று அது. டிசம்பரில் வடகீழ்ப் பருவம் வந்ததும் கணக்கு தலைகீழாகும், பசறை, லுணுகலை நனையும். சித்திரை, ஐப்பசி மாதங்களின் பின்னேர இடிமழை இன்னொரு வகை. அது அன்று காலையில்கூட எங்கே கட்டும் என்று சொல்ல முடியாதது, ஒரு தோட்டத்தில் கொட்டும், அடுத்த தோட்டத்தில் வெயில் அடிக்கும். இந்த வகை மழைக்கு மூன்று நாள் முன்கூட்டியே மணி சொல்லும் போன் செயலி எதையும் நான் நம்புவதில்லை.

அப்படியானால் மலையகத்துக்கு இந்தச் சின்னச் செய்மதிகளால் என்ன பயன்? பெரிய பயன் ஒன்று இருக்கிறது: பெரிய அமைப்புகள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிறது, அது எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு ஈரத்தைச் சுமந்து வருகிறது, எவ்வளவு மெதுவாக நகரும். இவற்றை இரண்டு மூன்று நாள் முன்னதாகச் சரியாகக் கணிக்க, ஆளில்லாக் கடல்மேல் அடிக்கடி எடுத்த அளவீடு வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அப்படி ஒன்று வருகிறது என்பதைச் சொல்லும் வேலை செய்மதிகளுக்கும் மாதிரிகளுக்கும் உரியது. எந்தச் சரிவு இறங்கும் என்பது மண், வடிகால், வெட்டிய மண்மேடு, ஏற்கெனவே ஊறிய ஈரம் ஆகியவற்றைப் பொறுத்தது. அதை எந்தச் செய்மதியும் வானத்திலிருந்து முன்கூட்டிச் சொல்லாது.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அங்கே தகவலுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. குடியேறப் பாதுகாப்பான வேறு நிலம்தான் இல்லாதிருந்தது. தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அறிவிப்பை எப்படி வாசிப்பது

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பில் “மத்திய, சப்ரகமுவ மாகாணங்களில் சில இடங்களில் 75 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை” என்ற மாதிரி வாசகங்கள் வரும். “சில இடங்களில்” என்பது மழுப்பல் இல்லை. மேலே சொன்ன கட்டமும் மலையும் சேர்ந்து தரக்கூடிய நேர்மையான பதில் அதுதான். ஊர் பெயரோடு மணி சொல்லும் செயலியைவிட அந்த வரிதான் நம்பத்தக்கது.

75 என்ற எண்ணுக்கும் பொருள் உண்டு. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் படிநிலை. சரிவில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று இவற்றைக் கண்டால் எந்த எண்ணுக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் வாசலில் எவ்வளவு பெய்தது என்பதை அளக்க, பக்கங்கள் நேராக உள்ள, அடி தட்டையான எந்தப் பாத்திரமும் போதும். கூரை, மரம் மறைக்காத இடத்தில் வையுங்கள். உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் பாருங்கள், அதுதான் மழையளவு. வாய் அகலம் பெரிதோ சிறிதோ விடை மாறாது. பல தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் பதிகிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

திணைக்களம் ஒரு நாள் மழையைக் காலை 8.30இலிருந்து மறுநாள் காலை 8.30 வரைக்கும் கணக்கிடுகிறது. ஆகவே திங்கள் இரவு பெய்தது செவ்வாய்க் காலை அறிக்கையில்தான் வரும். உங்கள் அளவை அதோடு ஒப்பிட வேண்டுமானால் நீங்களும் 8.30க்கே அளந்து, கொட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். ஆனால் விடாமல் ஊற்றும் இரவில் 8.30க்குக் காத்திருக்க வேண்டாம். மணிக்கொருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள், கொட்டாமல்.